மழை பிடித்ததிலிருந்து வீடெல்லாம் மக்கல் வாடை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் என்ன செய்யலாம்?

கீழ்வீடு (சென்னை):

வணக்கம். மடிப்பாக்கத்தில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஜூனில் குடிவந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்தது, அன்றிலிருந்து கதவைத் திறந்தாலே மக்கல் வாடை. வெளியே போய்விட்டு வந்தால்தான் தெரிகிறது, உள்ளேயே இருந்தால் மூக்குக்குப் பழகிவிடுகிறது. போன வாரம் என் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவன் ஒரு நொடி அப்படியே நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று இரவு சரியாகத் தூங்கவே இல்லை.

வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறாள், தவழ ஆரம்பித்துவிட்டாள். மாமியாருக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் எப்போதும் தலைமாட்டில் இருக்கும். பிளக்கில் செருகும் வாசனைத் திரவம் வாங்கி மாட்டினேன். இரண்டாம் நாளே மாமியார் இருமத் தொடங்கிவிட்டார், உடனே கழற்றிவிட்டேன். பினாயில் ஊற்றித் துடைத்தால் அரை மணி நேரம் பினாயில் வாடை, அப்புறம் பழையபடிதான். செவ்வாய், வெள்ளி கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏற்றுகிறேன். அதுவும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

எங்கெங்கே வாடை வருகிறது என்று பார்த்து வைத்திருக்கிறேன். படுக்கையறையில் சுவரோடு சேர்ந்த அலமாரி. குழந்தையின் துணியெல்லாம் அதில்தான் இருக்கிறது, அந்துருண்டை போட்டிருக்கிறேன். இரண்டு பாத்ரூமில் ஒன்று இந்தியன் டைப். மாமியாரால் உட்கார முடியாது என்பதால் அதை யாரும் பயன்படுத்துவதில்லை, வாளி, துடைப்பம் வைத்திருக்கிறோம். சாயங்காலம் சமைக்கிற நேரம் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து சாக்கடை வாடை வரும். சமையலறை சிங்க்குக்குக் கீழேயும் அதே வாடைதான். துவைத்துக் காயப்போட்ட துண்டில்கூட முகம் துடைக்கும்போது ஒரு சிக்கு வாடை.

மாதம் 300 ரூபாய்க்கு மேல் இதற்குச் செலவு செய்ய முடியாது. சொந்த வீடு இல்லை, சுவரை உடைக்க முடியாது. மருந்துக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் விற்கிறது எதுவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். வீட்டுச் சாமானை வைத்து ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.


வாசல்கோலம் (புதுக்கோட்டை):

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தோழி. துடைக்கும் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்கள். எலுமிச்சைத் தோல், இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை போட்டு சின்னத் தீயில் கால் மணி நேரம் கொதிக்க விட்டால் வீடு முழுக்க வாசம் பரவும். சிங்க்கில் ஆப்பசோடா இரண்டு ஸ்பூன் போட்டு மேலே வினிகர் ஊற்றுங்கள், நுரைத்துக்கொண்டு எல்லாம் இறங்கும். மூலைக்கு ஒரு கற்பூர வில்லை வையுங்கள், எறும்பும் வராது. எங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது, செலவென்று பார்த்தால் ஐம்பது ரூபாய்கூட ஆகாது.


மலைக்கோட்டை அத்தை (திருச்சி):

உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் உரிமையோடு சொல்கிறேன்மா. நான் ஒரு ஆஸ்பத்திரியில் 26 வருஷம் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தவள், கடைசி 11 வருஷம் சூப்பர்வைசர். காலை ஆறு மணிக்கு வார்டைச் சுற்றி வரும்வரை காபி குடிக்க மாட்டேன், தலையில் பூ வைக்க மாட்டேன், பவுடர் போட மாட்டேன். சுற்றி முடித்த பிறகுதான் மல்லிகை. மூக்கு வெறுமையாக இருந்தால்தான் எந்தக் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். நீங்களும் ஒரு நாள் காலையில் எழுந்ததும் தெருவில் பத்து நிமிஷம் நடந்துவிட்டு உள்ளே வாருங்கள். நின்றபடி மோந்து பார்க்காமல் குனிந்து முழங்கால் உயரத்தில் பாருங்கள். வாடை பிறக்கிற இடம் பெரும்பாலும் கீழேதான் இருக்கும்.

வாடை பிறக்கிற இடத்தில் கை வைக்காமல் மேலே வாசனை போட்டால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வரும். பினாயிலும் சாம்பிராணியும் உங்களுக்கு நிற்காததற்குக் காரணம் அதுதான்.

முதலில் அந்தப் புழங்காத பாத்ரூமைப் பாருங்கள், உங்கள் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது. தரையில் தண்ணீர் போகிற இடத்தில் ஜாலி மூடி இருக்கிறதல்லவா, அதற்குக் கீழே இருப்பதை நஹானி டிராப் என்பார்கள். அதன் வளைவுக்குள் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவு அந்தத் தண்ணீர்தான். வாரக்கணக்கில் யாரும் குளிக்காவிட்டால் அது ஆவியாகிவிடும், கதவு திறந்துகொள்ளும். சரி, ஏன் சமைக்கிற நேரத்தில் மட்டும் வருகிறது? கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் ஜன்னலையெல்லாம் சாத்தியிருப்பீர்கள், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். அது வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் சாத்தியிருந்தால் காய்ந்துபோன டிராப் வழியாகச் சாக்கடைக் காற்றைத்தான் இழுக்கும். இன்றைக்கே அதில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கழிப்பறைக் கோப்பையில் அரை வாளி. இனி வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் தண்ணீர் ஊற்றிய பிறகு மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். அது மேலே மிதந்து, தண்ணீர் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். சமையல் செய்யும்போது ஏதாவது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். கொசுவலை அடித்த ஜன்னலாக இருந்தால் நல்லது.

புழங்குகிற பாத்ரூமில் வேறு வேலை. கையுறை போட்டுக்கொண்டு பழைய ஸ்க்ரூடிரைவரால் ஜாலியை நெம்பி எடுங்கள். உள்ளே கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு கிண்ணம் இருக்கும். அதைத் தூக்கினால் அதன் விளிம்பில் முடி சுற்றிச் சுற்றிப் பூனைவால் மாதிரி கிடக்கும், அதன்மேல் சோப்பும் உடம்பு எண்ணெயும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் பாசி மாதிரி வழுவழுப்பாகப் பிடித்திருக்கும். ஒரு முறை அதை மோந்து பார்த்தால் உங்கள் வீட்டு வாடை எது என்று அடையாளம் தெரிந்துவிடும். முடியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தொட்டு கிண்ணத்தின் உள்ளும் புறமும், டிராப்பின் சுவரையும் தேயுங்கள். அப்புறம் கிண்ணத்தை மறக்காமல் திரும்ப வையுங்கள். தண்ணீர் சீக்கிரம் இறங்கட்டும் என்று பல பேர் அதை எடுத்து மூலையில் போட்டுவிடுகிறார்கள். கிண்ணம் இல்லாத டிராப்பில் தண்ணீர் நின்றும் பிரயோஜனம் இல்லை. 15 நாளைக்கு ஒரு முறை இந்த வேலை.

அலமாரி. அது வெளிச்சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது ஓத வாடை. துணியை முழுக்க வெளியே எடுத்துவிட்டு உள்சுவரில் கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று ஈரம் தட்டினால் வெளியே போய், நேர் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குழாய் சொட்டுகிறதா, சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கிறதா, பூந்தொட்டி வைத்திருக்கிறார்களா, மேல் வீட்டுத் தண்ணீர் வழிகிறதா. வீட்டுக்காரரிடம் அந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். பொதுவாக நாற்றம் என்று சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உலர்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டாதீர்கள். பூஞ்சைத் தூள் காற்றில் பறக்கும், உங்கள் மாமியாருக்கு ஆகாது. அவரையும் குழந்தையையும் வேறு அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மறுபடி வெறும் வினிகரைத் தொட்டு ஒரு முறை. அப்புறம் டேபிள் ஃபேனை அலமாரிக்கு நேராக வைத்து மூன்று மணி நேரம். சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டுத் துணி அடுக்குங்கள். காற்று போக வழியில்லாமல் திணித்தால் எதை வைத்தாலும் வாடைதான்.

அடுத்து சொல்லப்போவதை இன்றே செய்யுங்கள். குழந்தைத் துணியிலிருந்து அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். அதில் இருப்பது நாஃப்தலீன். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்கிற நொதி குறைவாக இருக்கும், பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு அந்துருண்டை வைத்த துணியைப் போட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். பொட்டலத்தோடு எடுத்து, தவழுகிற குழந்தைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். துணிகளை ஒரு முறை துவைத்து வெயிலில் போட்டு எடுங்கள். புதுக்கோட்டைத் தங்கச்சி சொன்ன கற்பூரமும் இந்த வீட்டுக்கு வேண்டாம். குழந்தை ஒரு வில்லையை வாயில் போட்டால் வலிப்பு வரலாம்.

கல் உப்பும் மழைக்காலத்தில் சரிவராதுமா. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அடைமழையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே. தரையில் உப்பு படிந்தால் தரையும் அதே மாதிரி பிசுபிசுக்கும். கோடையில் தாராளமாகப் போடுங்கள். இப்போதைக்கு எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீர் ஒரு செம்பு, அரை வாளித் தண்ணீரில் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். துடைத்ததும் ஃபேனைப் போட்டுத் தரையைக் காயவிடுங்கள்.

அலமாரிக்கு அடுப்புக்கரி நல்லது. தெருமுனை இஸ்திரி வண்டியில் கேட்டால் புதுக்கரி தருவார்கள். கைப்பிடி அளவு பழைய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி மூலைக்கு ஒன்று வையுங்கள். கொஞ்சம் ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். வெயில் வருகிற நாளில் எடுத்துக் காயவைத்துத் திரும்ப வைக்கலாம்.

துண்டு விஷயம். சிக்கு வாடை மொராக்செல்லா என்ற கிருமியால் வருகிறது, ஈரத்தில் மெதுவாகக் காய்கிற துணியில் அது பெருகும். சோப்பை அதிகம் போட்டால் போகாது. ஒரு வாளி நல்ல சூட்டுத் தண்ணீரில் ஒரு பிடி சலவைச் சோடா கரைத்துத் துண்டுகளை ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள், பிறகு துவையுங்கள். வீட்டுக்குள் காயப்போடும்போது கொடியில் ஒன்றின்மேல் ஒன்று போடாமல் கைவிரல் நுழைய இடம் விட்டு, ஃபேனைப் போடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, தையல் மடிப்பை உதட்டில் வைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியும். அந்த ஈரத்தோடு அலமாரிக்குள் போவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

கடைசியாக ஒன்று. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருநாளும் சேர்த்து ஊற்றாதீர்கள். பிளீச்சிங்கோடு வினிகரும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். நான் வேலை பார்த்த இடத்தில் புதிதாக வந்த பெண் நல்லதென்று நினைத்து இரண்டையும் ஊற்றிக் கதவைச் சாத்தித் தேய்த்தாள். கதவைத் தள்ளித் திறந்து அவளை வெளியே இழுத்துவந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு மாதம் மூச்சு விடவே சிரமப்பட்டாள்.


பைப் வேலை (தாம்பரம்):

அத்தை சொன்னதெல்லாம் நூற்றுக்கு நூறு சரி. சிங்க் பற்றி நான் சொல்கிறேன், அக்கா. டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். சிங்க்கிலிருந்து இறங்குகிற வளைந்து கொடுக்கும் வேஸ்ட் பைப்பை, சுவரிலோ தரையிலோ உள்ள பெரிய குழாய்க்குள் சும்மா சொருகி விட்டிருப்பார்கள். சுற்றிலும் இடைவெளி இருக்கும். கரப்பான்பூச்சி வருகிற வழியும் அதுதான், நாற்றம் வருகிற வழியும் அதுதான். ஹார்டுவேர் கடையில் அந்த அளவுக்கு ரப்பர் வாஷர் கேளுங்கள், 20, 30 ரூபாய்க்குள் கிடைக்கும். பைப்பில் மாட்டி அமுக்கினால் இடைவெளி அடைபடும். வாஷர் கிடைக்கும்வரை பழைய துணியைச் சுற்றி அடைத்து வையுங்கள்.

இன்னொன்று, அந்த பைப் நேராகக் கீழே தொங்கக் கூடாது. அடியில் ஒரு வளைவு வருகிற மாதிரி தூக்கிக் கயிற்றால் கட்டுங்கள், அந்த வளைவில் தண்ணீர் நிற்கும். பாத்ரூமில் அத்தை சொன்ன அதே கதவு இங்கேயும்.

சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்தான். எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். இரவில் பாத்திரம் கழுவி முடித்ததும் பாத்திர சோப்பு கலந்த சூடான தண்ணீர் ஒரு பெரிய சொம்பு ஊற்றுங்கள், அது போதும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பி.வி.சி. குழாய் இளகி ஜாயிண்ட் விட்டுவிடும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஒரு படி மேலே இருந்தால் சரி.


மணல்காடு (கடலூர்):

வெட்டிவேரை யாரும் சொல்லவில்லையே. எங்கள் கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் அது பயிராகிறது. மணலாக இருந்தால்தான் வேர் நேராக ஆழமாக இறங்கும், பிடுங்கும்போதும் அறுபடாமல் வரும். ஒரு வருஷம் காத்திருந்து தோண்டி எடுத்து, அலசி, உலர்த்திக் கட்டு கட்டுவார்கள். தோண்டுகிற நாளில் வயல் பக்கம் போனாலே மழை பெய்து ஓய்ந்த மண் வாசம் வரும்.

வாங்கும்போது காய்ந்த வேரை மோந்து பார்த்து வாசமே இல்லை என்று வைத்துவிட்டு வராதீர்கள். நாலு இழையை எடுத்து விரலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், ஈரம் பட்டால்தான் வெட்டிவேர் பேசும். மழைக்காலத்துக்கு இது பொருத்தமாக இருப்பதும் அதனால்தான். காற்றில் உள்ள ஈரமே அதை எழுப்பிவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். 100 கிராம் வாங்கினால் ஒரு வீட்டுக்குப் போதும். மண் போக அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, வெள்ளை நூலால் விரல் பருமனில் கட்டுங்கள். அலமாரித் தட்டுக்கு ஒன்று, தலையணை உறைக்குள் ஒன்று, செருப்பு வைக்கிற இடத்தில் ஒன்று. வாசம் குறைந்தால் மறுபடி அலசிக் காயவையுங்கள். ஒரு வருஷம் தாங்கும். ஜன்னலில் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதெல்லாம் கத்திரி வெயிலில் செய்கிற வேலை, இப்போது செய்தால் ஈரம்தான் கூடும்.

எங்கள் பாட்டி பட்டுப்புடவை மடிப்புக்குள் தாழம்பூ மடல் வைப்பார். இப்போது தாழம்பூ கிடைப்பது அரிதாகிவிட்டது. பூக்காரம்மாவிடம் மரிக்கொழுந்து ஒரு கொத்து வாங்கித் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினால் அதுவும் துணிக்கு அருமையாக இருக்கும். குழந்தைத் துணிக்கு மட்டும் உள்ளே வைக்காமல் பக்கத்தில் வையுங்கள், உதிர்ந்த தூள் ஒட்டும்.


கீழ்வீடு (சென்னை):

எல்லோருக்கும் நன்றி. படித்ததும் முதலில் அந்துருண்டையைத்தான் எடுத்தேன், கை நடுங்கிவிட்டது. துணியெல்லாம் ஊறிக்கொண்டிருக்கிறது. காய்ந்த பாத்ரூமில் தண்ணீரும் ஊற்றிவிட்டேன்.

அத்தை, ஒரு சந்தேகம். சாம்பிராணி இயற்கைதானே? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் இருந்தால் மாமியாருக்கு மனசு கேட்காது. அவரே சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு மூலை மூலையாகக் காட்டுவார்.


மலைக்கோட்டை அத்தை (திருச்சி):

இயற்கைதான். சுமத்ரா பக்கத்து மரத்துப் பால் உறைந்து வருகிற பிசின் அது. ஆனால் எரித்தால் புகைதானே அம்மா. வீசிங் இருக்கிற நுரையீரலுக்கு நல்ல பிசினின் புகை, கெட்ட குப்பையின் புகை என்று வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டர் சாம்பிராணியில் பிசினோடு மரத்தூளும் வாசனைச் சரக்கும் சேர்ந்திருக்கும், அது இன்னும் கனத்த புகை. கரித் தணலில் போடுவதாக இருந்தால் ஜன்னல் சாத்திய அறையில் கூடவே கூடாது. தணலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும், அதற்கு வாடையே கிடையாது.

என் மாமியாரும் அப்படித்தான் இருந்தார். அவரிடம் புகை ஆகாது என்று நான் சொன்னபோது கேட்கவில்லை. டாக்டர் சொன்னபோது கேட்டார். நீங்களும் அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது அவரையே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை வெள்ளிக்கிழமை வாசற்படிக்கு வெளியே ஒரு சுற்று காட்டட்டும், சட்டியைப் பிடிப்பது நீங்களாக இருங்கள். உள்ளே பூஜை மாடத்தில் ஒரு தட்டில் பூவும் மரிக்கொழுந்தும் வையுங்கள். சாமிக்கு அவர் கையால் ஏதாவது செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.


பாம்பன் கரை (ராமேஸ்வரம்):

மீன் சமைக்கிற வீடாக இருந்தால் ஒரு சின்ன விஷயம். மீன் கழுவின தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாமல் வெளியே செடிக்கு ஊற்றிவிடுங்கள். சட்டி, பலகை, அரிவாள்மனை எல்லாவற்றையும் சோப்புக்கு முன்னால் புளிக் கரைசலில் தேயுங்கள். மீன் வாடை காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அது உப்பாக மாறி மேலே கிளம்பாது. செதிலும் குடலும் குப்பை வண்டி வரும்வரை வாளியில் கிடந்தால்தான் மறுநாள் வரை நாறும். பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டு வண்டி வருகிற காலையில் எடுத்துப் போடுங்கள்.


கீழ்வீடு (சென்னை):

மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்ததை எழுதுகிறேன், என் மாதிரி யாராவது தேடி வந்தால் உதவும்.

சாக்கடை வாடை தண்ணீர் ஊற்றிய மறுநாள் சாயங்காலமே பாதியாகக் குறைந்தது. மிச்சம் எங்கிருந்து என்று பார்த்தால், புழங்குகிற பாத்ரூமில் ஜாலியைத் தூக்கியபோது உள்ளே கிண்ணமே இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எடுத்திருக்க வேண்டும். வென்டிலேட்டர் திண்டில் தூசியோடு கவிழ்ந்து கிடந்தது, ஆறு மாதமாக அது என்ன என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தேய்த்து உள்ளே வைத்தேன். அன்றோடு அந்த வாடை முடிந்தது.

அலமாரிச் சுவர் இரண்டடி உயரம் வரை ஈரம். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். மேல் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் வரும் குழாய் தரைக்கு ஓரடி மேலேயே நின்றுவிட்டது, தண்ணீர் சுவரில் தெறித்து ஓடுகிறது. அத்தை சொன்னபடி வீட்டுக்காரரை அழைத்துவந்து முதலில் வெளிச்சுவரைத் தொடச் சொன்னோம், பிறகு அலமாரிக்குள் தொடச் சொன்னோம். மறுவார்த்தை பேசவில்லை. இரண்டு நாளில் ஆள் வந்து ஒரு எல்போ வளைவும் ஓரடிக் குழாயும் சேர்த்துத் தண்ணீரை நேராகக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டார். சுவர் இன்னும் முழுசாகக் காயவில்லை, ஆனால் கை வைத்தால் ஒட்டுகிற ஈரம் இல்லை. அதுவரை குழந்தைத் துணியை ஹாலில் பிளாஸ்டிக் கூடையில் வைத்திருக்கிறேன்.

கணக்கு: வெட்டிவேர் 120, கரி 30, ரப்பர் வாஷர் 25, வினிகர் 45, சலவைச் சோடா 40. மொத்தம் 260 ரூபாய். எலுமிச்சைத் தோல் வீட்டில் இருந்ததுதான். துண்டில் சிக்கு வாடை முதல் ஊறலில் போகவில்லை, இரண்டாவது முறை போயிற்று. மாமியார் போன வெள்ளிக்கிழமை தானாகவே பூக்காரம்மாவை நிறுத்தி மரிக்கொழுந்து வாங்கினார்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. பரணில் கல்யாணத்துக்குக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. அதை இறக்கினால் அறை முழுக்க வாடை வருகிறது. தூக்கிப் போட மனசில்லை, அம்மா வீட்டுச் சீர். என்ன செய்வது?


மலைக்கோட்டை அத்தை (திருச்சி):

படித்ததும் மனசு நிறைந்தது கண்ணு. மெத்தையைத் தூக்கிப் போட வேண்டாம். இப்போதைக்குப் பரணில் சுவரோடு ஒட்டாமல், அடியில் இரண்டு கட்டைகள் கொடுத்துத் தூக்கி வை. பாலிதீன் உறை போட்டிருந்தால் எடுத்துவிடு, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். தை பிறந்து பனி விலகியதும் மொட்டை மாடியில் காலை பத்து மணிக்கு மேல் போட்டு, மதியம் திருப்பிப் போட்டு, நான்கு மணிக்குள் எடுத்துவிடு. இரண்டு நாள் இப்படி. அதற்கும் வாடை போகவில்லை என்றால் பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிட்டுப் பிரித்து அடித்துப் புது உறையில் தைக்கச் சொல். கறுத்துப் பூசணம் பிடித்த பஞ்சை மட்டும் கழித்துவிடச் சொல், குழந்தை படுக்கப்போகிற மெத்தை.